செப்டம்பர் டிரவுட்: வெந்நீர் ஆறும் ஒரு தெர்மாமீட்டரும்

புரட்டாசி பிறந்தால் தமிழ்நாட்டில் பல வீடுகளில் மீன் சட்டி பரணுக்குப் போய்விடும். காசிமேட்டில் வஞ்சிரம் விலை இறங்கும். மீன்கடைக்காரர் ஈ ஓட்டுவார். அதே நாட்களில் பூமியின் மறுபக்கம், அமெரிக்காவின் வயோமிங் - மொன்டானா எல்லையில், நல்ல உத்தியோகத்தில் இருக்கிற பெரிய மனிதர்கள் லீவு போட்டுவிட்டு, இடுப்பளவு ஜில் தண்ணீரில் நின்றுகொண்டு, காசு செலவழித்து ஈ ஓட்டிக்கொண்டிருப்பார்கள். நிஜமாகவே ஈதான். பட்டு நூலும் கோழி இறகும் சுற்றிச் செய்த பொய் ஈ. ஃப்ளை ஃபிஷிங் என்பது அதைத்தான்.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. சாதாரணத் தூண்டிலில் மண்புழுவோ ஈயக்குண்டோ கனமாக இருக்கும், அதை வீசினால் நரம்பு பின்னாலேயே போகும். இங்கே அது தலைகீழ். முள்ளுக்கு எடையே கிடையாது, நரம்புக்குத்தான் எடை. கம்பை முன்னும் பின்னும் ஆட்டி நரம்பைக் காற்றில் சாட்டை மாதிரி விரித்தால், அதன் நுனியில் இருக்கிற பொய்ப் பூச்சி தண்ணீர் மேல் பஞ்சு மாதிரி இறங்கும். மழை விட்ட மாலையில் நம்மூர்க் குளத்தில் ஈசல் விழ, கெண்டைகள் 'ப்ளக் ப்ளக்' என்று வாயைத் திறப்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் தத்துவம் உடனே புரிந்துவிடும். ஆற்றில் எந்தப் பூச்சி இப்போது விழுகிறதோ, அதே அளவில் அதே நிறத்தில் ஒன்றை அனுப்பி வைப்பது. அவ்வளவுதான் விஷயம். (அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு இதில் நாற்பது வருடம் செலவழித்தவர்கள் உண்டு.)

மீனின் பெயர் டிரவுட். சால்மன் குடும்பம். குளிர்ந்த, ஓடுகிற, சுத்தமான தண்ணீர் மட்டும்தான் ஒத்துக்கொள்ளும். தமிழ்நாட்டிலும் இது உண்டு. நீலகிரியில் அவலாஞ்சியில் வெள்ளைக்காரன் காலத்தில், 1907ல், ஆரம்பித்த டிரவுட் பண்ணை இருக்கிறது. ஆனால் நீலகிரியில் செப்டம்பர் என்பது ஒரு மழைக்கும் இன்னொரு மழைக்கும் நடுவில் வருகிற மாதம். டிரவுட் ஆறுகளின் இலையுதிர் காலம் என்னவென்று தெரிந்துகொள்ள யெல்லோஸ்டோன் போகவேண்டும். அதிலும் ஒரு விசித்திரமான ஆற்றுக்கு.

அந்த ஆற்றின் பெயர் ஃபயர்ஹோல். பெயரிலேயே நெருப்பு. யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குள் ஓடுகிற ஆறு இது. ஓல்ட் ஃபெய்த்ஃபுல் என்ற புகழ்பெற்ற வெந்நீர் ஊற்றின் பக்கத்திலேயே போகிறது. இரண்டு கரையிலும் பூமியிலிருந்து கொதிநீர் கொப்பளித்து ஆற்றுக்குள் வடிகிறது. மிட்வே என்ற இடத்தில் எக்ஸெல்சியர் என்று ஒரு பெரிய வெந்நீர்க் குழி. அது ஒன்றே நிமிடத்துக்கு சுமார் 15,000 லிட்டர் சுடுநீரை ஆற்றில் கொட்டுகிறது. சென்னைத் தெருக்களில் ஓடும் தண்ணீர் லாரி கொள்கிற அளவுக்கும் மேல், நிமிடத்துக்கு ஒரு லாரி, இரவு பகல் நிற்காமல். தண்ணீரின் சூடு 90 டிகிரி செல்சியஸுக்கு மேல். ஃபயர்ஹோல் கொஞ்ச தூரம் போய் கிப்பன் ஆற்றோடு சேர்கிறது. சேர்ந்த ஆற்றுக்குப் பெயர் மேடிசன். மேடிசன் மேற்கே ஓடி, பூங்காவைத் தாண்டி, ஹெப்ஜன் என்ற அணைக்கட்டு ஏரியில் விழுகிறது. இந்த மூன்று பெயரும் (ஃபயர்ஹோல், மேடிசன், ஹெப்ஜன்) கடைசி வரை வரும் என்பதால் இங்கேயே மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

இப்படிப்பட்ட வெந்நீர் ஆற்றில் குளிர்நீர் மீன் எப்படி? அதுவாக வரவில்லை. கீழே ஒரு அருவி இருப்பதால் மேல் ஃபயர்ஹோலில் ஆதியில் மீனே கிடையாது. 1889லும் அதற்கடுத்த வருடமும் அரசாங்கமே கொண்டுவந்து விட்டது. அதில் பிரவுன் டிரவுட் என்பது அமெரிக்காவுக்கே வந்தேறி. 1883ல் ஜெர்மனியிலிருந்து முட்டையாகக் கப்பலேறி வந்து, 1884ல் மிச்சிகன் மாநிலத்து ஆறு ஒன்றில் முதன்முதலாக விடப்பட்ட வம்சம். ஆக, ஐரோப்பிய மீன், அமெரிக்க எரிமலைத் தண்ணீரில்.

பத்து மாதம் இந்த ஏற்பாடு பிரமாதமாக ஓடும். குளிர்காலத்தில் பக்கத்து ஆறுகள் உறைந்துகிடக்கும்போது ஃபயர்ஹோல் மீன்களுக்கு ஹீட்டர் போட்ட வீடு. பிரச்சினை ஜூலை, ஆகஸ்டில்.

அதைப் புரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்கு. தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கிற ஆக்ஸிஜன் குறையும். கடல்மட்டத்தில் 10 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 11 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரையும். 25 டிகிரியில் 8தான். ஃபயர்ஹோல் இருப்பது 2,000 மீட்டருக்கு மேல், அதனால் அதிலும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கழித்துக்கொள்ள வேண்டும். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், மீன் குளிர் ரத்தப் பிராணி. தண்ணீர் சூடானால் அதன் உடம்பும் சூடாகும், உடம்பு சூடானால் மூச்சுத் தேவை ஏறும். 10 டிகிரி ஏறினால் தேவை ஏறக்குறைய இரண்டு மடங்கு. வரவு குறைகிறது, செலவு ஏறுகிறது. எந்தக் குடும்பத் தலைவருக்கும் விளங்கும் கணக்கு.

டிரவுட்டுக்கு 10லிருந்து 16 டிகிரி வரை சுகம், நன்றாக இரை எடுக்கும். 19, 20 தாண்டினால் திணறல். 25ஐ ஒட்டிப் போய் அங்கேயே நின்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. கோடையில் ஃபயர்ஹோல் இந்த எல்லையை எளிதாகத் தாண்டிவிடும். அப்போது மீன்கள் என்ன செய்யும் என்றால், ஆற்றில் வந்து விழுகிற சிறிய குளிர்ந்த ஓடைகளின் வாயில் போய்க் கும்பலாக ஒண்டிக்கொள்ளும். அக்னி நட்சத்திரத்தில் மோர்ப்பந்தல் மாதிரி. ஒரு ஓடை வாயில் நூற்றுக்கணக்கில் நிற்பதும் உண்டு. அங்கே போய்த் தூண்டில் போட்டால் ஒன்று மாற்றி ஒன்றாகச் சிக்கும். மோர்ப்பந்தலில் நிற்பவர்களிடம் பிக்பாக்கெட் அடிக்கிற காரியம் அது. உள்ளூர் ஆட்கள் அப்படிச் செய்பவரை ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள்.

2007 ஜூலையில் ஒண்டவும் இடம் போதவில்லை. ஃபயர்ஹோல் தண்ணீர் 27 டிகிரியைத் தாண்டி, ஆயிரம் டிரவுட் வரை செத்து மிதந்தன. இப்படிப்பட்ட வருடங்களில் பூங்கா நிர்வாகம் சில ஆறுகளை மூடிவிடும், அல்லது மதியம் 2 மணிக்கு மேல் தூண்டில் போடக்கூடாது என்று சொல்லிவிடும். பக்கத்து மொன்டானாவிலும் இதே மாதிரி ஒரு சட்டம் இருக்கிறது. தண்ணீர் மூன்று நாள் தொடர்ந்து 23 டிகிரியைத் தொட்டால், மதியம் 2லிருந்து நள்ளிரவு வரை தடை கொண்டுவரலாம். இதற்கு அங்கே 'ஹூட் அவுல்' என்று பெயர். ஆந்தைச் சட்டம்! பழைய காலத்தில் மரம் வெட்டுகிறவர்கள் காட்டுத்தீக்குப் பயந்து, ஆந்தை கத்துகிற விடியற்காலையிலேயே வேலையை முடித்துவிடுவார்களாம். அந்தப் பெயர் மீனுக்கு வந்துவிட்டது.

செப்டம்பர் வருகிறது.

பூமிக்கடியிலிருந்து வருகிற சூடு வருடம் முழுக்க ஒரே மாதிரிதான். மாறுவது மேலேயிருந்து வருகிற சூடு. அந்த அட்சரேகையில் செப்டம்பரில் ஒவ்வொரு நாளும் பகல் சுமார் மூன்று நிமிடம் குறைகிறது. இரவில் பாதரசம் பூஜ்யத்தைத் தொடும், விடிந்தால் புல்லெல்லாம் உறைபனி. சூரியன் சாய்வாக வருவதால் பைன் மரங்களின் நிழல் ஆற்றின் மேல் நீண்ட நேரம் கிடக்கும். ஆறு மெதுவாக மூச்சுவிட ஆரம்பிக்கிறது. ஓடை வாயில் ஒண்டியிருந்த மீன்கள் ஒன்றொன்றாக அவரவர் பழைய இடத்துக்கு, பாறை மறைவுக்கும் கரையோரக் குடைவுக்கும், திரும்புகின்றன. இரண்டு மாதம் சரியாகச் சாப்பிடாத பசி வேறு. காலண்டரில் எந்தத் தேதி என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. சில வருடம் செப்டம்பர் முதல் வாரமே தயார், சில வருடம் இருபது தேதி ஆகும்.

அதனால்தான் இந்தப் பருவத்தில் ஒரு மீன்பிடிப்பவரின் பையில் முதலில் இருக்கவேண்டியது இறகுப் பூச்சிகள் நிறைந்த டப்பா அல்ல, தெர்மாமீட்டர். விலை அதிகமில்லை. சட்டைப்பையிலிருந்து கயிற்றில் தொங்கும். கரையோரத் தேங்கலில் முக்கிப் பார்ப்பது வீண். ஓடுகிற தண்ணீரில், முழங்கால் ஆழத்தில், ஒரு நிமிடமாவது பிடிக்கவேண்டும். அதுவும் காலையில் பார்த்துவிட்டு நாள் முழுக்க அதையே நம்பக்கூடாது. காலை 9 மணிக்கு 13 காட்டின ஃபயர்ஹோல் வெயில் நாளில் மூன்று மணிக்கு வேறு ஆறு. இப்போது அமெரிக்க நிலவியல் துறையின் அளவுமானிகள் ஆற்றிலேயே இருக்கின்றன. தண்ணீரின் ஓட்டத்தையும் சூட்டையும் வீட்டிலிருந்தே இணையத்தில் பார்த்துவிட்டுக் கிளம்பலாம். பார்க்காமலே கிளம்புகிறவர்கள்தான் அதிகம் என்பது வேறு விஷயம்.

20 டிகிரி வந்தால் கம்பை மடக்கிவிடுவது என்பது பொதுவான ஒழுங்கு. 19லேயே நிறுத்துகிறவர்கள் உண்டு. "பிடிச்சா என்ன, திரும்ப விடத்தானே போறோம்?" என்று இதற்கு ஒரு பதில் எப்போதும் வரும். ஆமாம், விடுகிறார்கள். சாப்பிடுவதற்குப் பிடிப்பவர்கள் அங்கே குறைவு. (பிடித்துவிட்டுச் சாப்பிடாமல் இருப்பது! புரட்டாசி விரதம் இதைவிடப் புரிந்துகொள்ளச் சுலபம் :-)) ஆனால் விட்டதெல்லாம் பிழைத்தது என்று அர்த்தம் இல்லை. 1992ல் வெளிவந்த ஒரு கனடா ஆய்வு இதைப் பற்றியது. ரெயின்போ டிரவுட்டுகளை ஓடவிட்டுக் களைக்கவைத்து, சிலவற்றைத் தண்ணீரிலேயே விட்டார்கள், சிலவற்றை 30 விநாடி வெளியே வைத்தார்கள், சிலவற்றை 60 விநாடி. களைத்து, தண்ணீரிலேயே விடப்பட்டவற்றில் 12 சதவீதம் செத்தது. 30 விநாடி காற்றில் இருந்தவற்றில் 38. ஒரு நிமிடம் இருந்தவற்றில் 72. ஆய்வுக்கூடத்து மீன், ஊசி குழாய் எல்லாம் செருகப்பட்ட மீன், ஆற்றில் இவ்வளவு மோசமாக இருக்காது என்று வாதாடலாம். வாதாடிவிட்டு, போட்டோவுக்கு மீனைத் தூக்கிப் பிடித்து "இன்னொண்ணு எடு, கண்ணை மூடிட்டேன்" என்று சொல்கிற நேரத்தை ஒருமுறை கடிகாரத்தில் பார்க்கலாம். செவுள் என்பது தண்ணீரில் விரிகிற பூ. காற்றில் அதன் இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நூறு மீட்டர் ஓடி வந்தவரின் மூக்கைப் பொத்துவதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

சரி, தண்ணீர் 12, 13 காட்டுகிறது. இனி எப்போது போடுவது, எதைப் போடுவது?

கோடையில் பழகினவர்கள் இங்கேதான் ஏமாறுவார்கள். ஆகஸ்டில் நல்ல நேரம் என்றால் விடியற்காலை, வெயில் ஏறினால் மூட்டை கட்டவேண்டியதுதான். செப்டம்பர் கடைசியில் விடியற்காலை எழுந்து போனால் கம்பின் வளையங்களில் நரம்பு பனிக்கட்டியாக உறைந்து நிற்கும். மீனும் எழுந்திருக்காது, பூச்சியும் எழுந்திருக்காது. காபியை நிதானமாகக் குடித்துவிட்டுப் பத்து, பதினொன்றுக்குப் போவது போதும். ஆற்றின் நல்ல நேரம் நகர்ந்து மதியத்துக்கு வந்துவிட்டது.

அதைவிடத் தலைகீழான இன்னொன்று வானிலை. நீல வானம், பொன் நிறத்தில் ஆஸ்பென் இலைகள், காலண்டர் படம் மாதிரி ஒரு நாள். மீன்பிடிக்க அது மட்டமான நாள். ஆறு வருடத்திலேயே மிகவும் வற்றியிருக்கிற காலம் இது. மலைப்பனி உருகி வந்ததெல்லாம் ஓடித் தீர்ந்திருக்கும். தண்ணீர் கண்ணாடி. மேலே நிற்கிற ஆளின் நிழல், நரம்பின் நிழல், எல்லாம் மீனுக்குத் தெரியும். இதற்கு நேர்மாறாக, பசிபிக் பக்கமிருந்து மேகம் திரண்டு, தூறலும் பொடிப்பனியும் கலந்து முகத்தில் அடிக்கிற, ஒரு நல்ல மனிதர் வீட்டை விட்டு வெளியே வராத நாள் இருக்கிறதே, அதுதான் நாள். ஏனென்றால் அன்றுதான் பேட்டிஸ் வரும்.

பேட்டிஸ் என்பது ஒரு குட்டி மேஃப்ளை. 'புளூ விங்டு ஆலிவ்' என்று செல்லப் பெயர். சாம்பல் இறக்கை, பாசிப்பயறு நிறத்தில் உடம்பு. தண்ணீருக்கடியில் புழுப் பருவத்தில் வளர்ந்து, மேற்பரப்புக்கு வந்து தோலை உரித்து, இறக்கை விரித்துப் பறக்கும். வெயில் நாளில் இறக்கை சட்டென்று காய்ந்து பறந்துவிடும். ஈரமான நாளில் இறக்கை காய நேரமாகும், அதுவரை படகு மாதிரி தண்ணீர் மேல் உட்கார்ந்தபடி மிதந்து வரும். மீனுக்குத் தட்டில் வைத்துப் பரிமாறினது போல. மதியம் ஒரு மணி வாக்கில் ஆரம்பித்தால் இரண்டு மூன்று மணி நேரம், ஆற்றின் ஒரே இடத்தில் ஒரே தாளத்தில் மூக்குகள் எழுந்து எழுந்து அமிழும். சத்தம் போடாத சாப்பாடு.

இதன் அளவில் ஒரு பொய்ப் பூச்சி கட்டினால் அரிசி மணி அளவுதான் இருக்கும். 20ஆம் நம்பர் முள், சில சமயம் 22. (முள் நம்பர் ஏற ஏற முள் சின்னதாகும். இதற்கெல்லாம் காரணம் கேட்கக்கூடாது.) அதைக் கட்டுகிற கடைசி நரம்பு, டிப்பெட் என்பார்கள், 0.13 மில்லிமீட்டர் தடிமன். தலைமுடியைவிட ஒரு சுற்றுதான் பெரிசு. இங்கே ஒரு சங்கடம் வருகிறது. கண்ணாடித் தண்ணீரில் மீனை ஏமாற்ற மெல்லிய நரம்பு வேண்டும். மெல்லிய நரம்பு என்றால் அறுந்துவிடுமோ என்று பயந்து மீனை வெகுநேரம் விளையாட்டுக் காட்டவேண்டும். வெகுநேரம் போராடின மீன்தான் விட்டபிறகும் செத்துப்போகிற மீன். தண்ணீர் 10 டிகிரியில் இருந்தால் அது சமாளிக்கும், மூச்சுக்கு வேண்டியது இருக்கிறது. 18ல் இருந்தால் அதே நரம்பு அதே போராட்டம் வேறு முடிவைத் தரும். ஆகவே மெல்லிய நரம்பு என்பதுகூடத் தெர்மாமீட்டரைக் கேட்டுவிட்டு எடுக்கவேண்டிய முடிவு. இதைப் பல கையேடுகள் ஏனோ இரண்டு தனித்தனி அத்தியாயங்களாக எழுதுகின்றன.

வெயில் நாளே வாய்த்தவர்களுக்கும் வழி இல்லாமல் இல்லை. உறைபனி முழுசாகக் கொன்றுபோடும் வரை புல்வெளியில் வெட்டுக்கிளிகள் மிச்சம் இருக்கும். மதியக் காற்றில் ஆற்றில் விழும். கரையை ஒட்டி ஒரு பெரிய பொய் வெட்டுக்கிளியைத் 'தொப்'பென்று போட்டால் குடைவுக்குள்ளிருந்து ஒரு நிழல் கிளம்பி வரும். சுற்றிலும் எல்க் மான்கள் ஜோடி தேடிக் குழல் ஊதுவது மாதிரி கத்திக்கொண்டிருக்கும் காலம். கரடிகள் குளிர்கால உறக்கத்துக்கு முன்னால் கண்ணில் பட்டதையெல்லாம் தின்று கொழுக்கிற காலமும்கூட, அதனால் கரடிக்கான மிளகாய் ஸ்ப்ரே இடுப்பில் இல்லாமல் யாரும் போவதில்லை. மீனைப் பார்த்துக்கொண்டே இருப்பவரை இன்னொருவர் பார்த்துக்கொண்டிருக்கலாம்!

இதுவரை சொன்னது ஆற்றிலேயே குடியிருக்கும் மீன்களைப் பற்றி. செப்டம்பர் நடுவிலிருந்து விருந்தாளிகளும் வருவார்கள். ஹெப்ஜன் ஏரியில் வருடம் முழுக்க ஆழத்தில் கிடந்து கொழுத்த பிரவுன் டிரவுட்டுகள், பகல் குறைவதும் தண்ணீர் குளிர்வதும் உடம்புக்குத் தெரிந்து, மேடிசன் ஆற்றில் எதிர்நீச்சல் போட்டு ஏற ஆரம்பிக்கும். ஆண் மீனுக்குத் தாடை கொக்கி மாதிரி வளைந்து, வயிறு வெண்ணெய் மஞ்சளாக மாறியிருக்கும். முழங்கை நீள மீன்கள். வருகிற வழியில் பெரிய ஆழங்களில் தங்கி இளைப்பாறும். அவற்றுக்காகவே உலகத்தின் பல மூலைகளிலிருந்து ஆட்கள் வந்து வெஸ்ட் யெல்லோஸ்டோன் என்கிற சின்ன ஊரில் அறை எடுப்பார்கள். இந்த மீன்களுக்குப் பசி பெரிதாகக் கிடையாது, கோபம் உண்டு. குட்டி மீன் மாதிரி செய்த பெரிய இறகுத் தூண்டிலை முன்னால் இழுத்தால் எரிச்சலில் பாயும்.

வந்த காரியம் முட்டையிடுவது. அக்டோபரில், இடத்தைப் பொறுத்து நவம்பரில், முழங்கால் ஆழத்தில் தண்ணீர் வேகம் பிடிக்கிற சரளைப் படுகையாகப் பார்த்து, பெண் மீன் பக்கவாட்டில் படுத்து வாலால் அடித்து அடித்துக் குழி பறிக்கும். முட்டையிட்ட பிறகு மேலே இன்னொரு குழி பறித்து, அந்தச் சரளையால் முதல் குழியை மூடும். முட்டை அங்கேதான் குளிர்காலம் முழுக்க இருக்கவேண்டும். தண்ணீர் 5 டிகிரியில் இருந்தால் பொரிக்கவே சுமார் மூன்று மாதம். பொரித்த பிறகும் குஞ்சுகள் வசந்தம் வரை கல்லிடுக்கிலேயே கிடக்கும்.

மனிதக் காலில் வேடர்ஸ், அடியில் தடித்த பூட்ஸ். 1992ல் மொன்டானா பல்கலைக்கழகம் ஒன்றைச் சேர்ந்த இருவர் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. சரளையில் டிரவுட் முட்டைகளைப் புதைத்து, அதன் மேல் ஆளை நடக்கவிட்டுப் பார்த்தார்கள். முட்டை வளர்கிற காலம் முழுக்க நாளுக்கு இரண்டு முறை நடந்த இடத்தில் 96 சதவீதம் வரை செத்தன. பொரிக்கிற சமயத்துக்குச் சற்று முன்னால் ஒரே ஒரு முறை நடந்ததற்கே 43 சதவீதம் வரை. தூண்டிலே போடவேண்டாம், சும்மா ஆற்றைக் கடந்தால் போதும்.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. சுற்றிலும் கற்கள் பாசி படிந்து கறுத்திருக்க, நடுவில் ஒரு இடம் மட்டும், வாசலில் கோலம் போடப் பெருக்கி வைத்தது மாதிரி, வெளுப்பாகத் தெரியும். பலர் அந்தக் குழியில் கால் வைக்காமல் ஜாக்கிரதையாக ஒதுங்கி, அதற்குக் கீழ்ப்பக்கம் இருக்கிற சின்ன மேட்டின் மேல் ஏறி நிற்பார்கள். முட்டை குழியில் இல்லை, அந்த மேட்டுக்குள்தான் இருக்கிறது. நல்ல எண்ணத்தோடு மிதிக்கிறார்கள்.

ஏறி வருகிற மீனைப் பிடிக்கலாமா என்று அங்கே வருடா வருடம் சண்டை நடக்கும். ஒரு கட்சி, ஆழத்தில் தங்கியிருக்கும் வரை பிடிக்கலாம், சரளைக்கு வந்துவிட்டால் தொடக்கூடாது என்கிறது. இன்னொரு கட்சி, கல்யாண வீட்டுக்குப் போகிறவரை வழியிலும் மடக்கக்கூடாது என்கிறது. முதல் கட்சி சொல்வது நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் அது ஒரு நிபந்தனையோடு வருகிறது: ஆழம் எங்கே முடிகிறது, சரளை எங்கே ஆரம்பிக்கிறது என்று பார்க்கத் தெரிந்தவருக்குத்தான் அந்தக் கட்சியில் இடம். தெர்மாமீட்டரோடு செப்டம்பரை ஆரம்பித்தவர், அக்டோபரில் தன் காலடியைப் பார்த்துக்கொண்டு முடிக்கவேண்டியிருக்கிறது. முன்பக்கம் சூடு, பின்பக்கம் முட்டை. இரண்டுக்கும் நடுவில் உறுத்தல் இல்லாமல் மீன்பிடிக்கக் கிடைப்பது மூன்று, நான்கு வாரம்.

அந்தப் படுகைகள் எவ்வளவு நொய்மையானவை என்பது 2021 நவம்பர் 30 அன்று தெரிந்தது. ஹெப்ஜன் அணையின் மதகில் ஒரு பாகம் உடைந்து, கீழே மேடிசனில் போய்க்கொண்டிருந்த தண்ணீர் வினாடிக்குச் சுமார் 650 கன அடியிலிருந்து 200 கன அடி வாக்கில் திடீரென்று இறங்கிவிட்டது. மேட்டூர் நிலவரம் படித்து வளர்ந்தவர்களுக்கு இந்த எண்கள் சின்னதாகத் தெரியும். ஆனால் பிரவுன் டிரவுட் முட்டையிட்டு முடித்து சில வாரமே ஆகியிருந்த நேரம் அது. ஓரத்துச் சரளைப் படுகைகள் குளிர்காற்றில் வெளியே தெரிந்தன, பக்கக் கால்வாய்களில் மீன்கள் குட்டையில் மாட்டிக்கொண்டன. செய்தி பரவி ஊர் ஜனம் பக்கெட்டும் வலையுமாக வந்து குவிந்தது. வழிகாட்டிகள், கடைக்காரர்கள், வந்தவர் போனவர் எல்லாரும் உறைகிற தண்ணீரில் இறங்கி, மீனை அள்ளி அள்ளி நடு ஆற்றில் விட்டார்கள். மதகைச் சரிசெய்ய ஏறக்குறைய இரண்டு நாள் ஆனது. மீனை பக்கெட்டில் அள்ளலாம். சரளைக்குள் இருக்கிற முட்டையை எப்படி அள்ளுவது?

அந்த மூன்று நான்கு வாரமும் நிலையானது இல்லை. 2016 ஆகஸ்டில் பக்கத்து யெல்லோஸ்டோன் ஆற்றில், வற்றின வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சிறுநீரக நோய்க் கிருமி பெருகி, ஆயிரக்கணக்கில் ஒயிட்ஃபிஷ் செத்ததால் 183 மைல் நீளத்துக்கு ஆற்றையே மூடினார்கள். மீன்பிடிப்பது மட்டுமல்ல, படகு விடுவதும் தடை. அதன் பல பகுதிகள் திறக்கச் செப்டம்பர் ஆனது. 2023 வசந்தத்தில் தென்மேற்கு மொன்டானாவின் பிக் ஹோல், பீவர்ஹெட், ரூபி ஆறுகளில் கணக்கெடுத்தபோது, சில பகுதிகளில் டிரவுட் எண்ணிக்கை அதுவரை பதிவானதிலேயே மிகக் குறைவு. காரணம் ஒன்றில்லை. வறட்சி, சூடு, நோய், ஆட்கூட்டம் என்று ஆராய்ச்சியாளர்கள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறார்கள். இதில் ஒரு மீன்பிடிப்பவர் கையில் இருப்பது கடைசி ஒன்றுதான்.

ஃபயர்ஹோல் ரெயின்போக்கள் இந்த மாற்றத்தை எப்போதோ தங்கள் பாணியில் பார்த்துவிட்டன. உலகத்தில் மற்ற இடங்களில் ரெயின்போ டிரவுட் பெரும்பாலும் வசந்தத்தில் முட்டையிடும். ஃபயர்ஹோலின் வெந்நீர்ப் பகுதியில் வசந்தத்தில் முட்டையிட்டால் குஞ்சு நேராகக் கோடைக்குள் போய் விழும். அங்கே இருப்பவை தேதியை மாற்றிக்கொண்டு, பிரவுன்கள் மாதிரி இலையுதிர் காலக் கடைசியிலும் குளிர்காலத் தொடக்கத்திலும் முட்டையிடுகின்றன. 1889க்குப் பிறகு வந்து சேர்ந்த மீன், நூறு வருடத்துக்குள் தன் பஞ்சாங்கத்தையே திருத்தி எழுதிவிட்டது. நவம்பர், டிசம்பரில் கரையெல்லாம் பனி மூடி, ஆற்றின் மேல் ஆவி கிளம்பிக்கொண்டிருக்கும்போது, காட்டெருமைகள் சூட்டுக்காக ஓரத்தில் வந்து நிற்கும். பக்கத்திலேயே முழங்கால் தண்ணீரில் வாலால் கல்லைத் தட்டிக்கொண்டிருக்கும் மீன்களைப் பார்க்க அப்போது கரையில் அநேகமாக யாரும் இருப்பதில்லை.